உருகியதா, இளகியதா?

செர்ன் ஆய்வகத்தைப் பற்றித் தமிழில் நான் வாசித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை நடராசர் சிலையில்தான் தொடங்குகின்றன. 2004 ஜூன் 18 அன்று திறந்துவைக்கப்பட்ட, இந்திய அரசு பரிசாகக் கொடுத்த, இரண்டு மீட்டர் உயரமுள்ள அந்தச் சிலை ஜெனீவாவுக்குப் பக்கத்தில் அந்த வளாகத்துக்குள் நிற்பது உண்மைதான். ஆனால் சிலையிலிருந்து கிளம்பும் கட்டுரை அடுத்த பத்தியில் பெருவெடிப்புக்குப் போய், அதற்கடுத்த பத்தியில் 'கடவுள் துகளை'த் தொட்டு, கடைசியில் நம் முன்னோர்கள் இதையெல்லாம் அன்றே அறிந்திருந்தார்கள் என்று முடிந்துவிடும். நடுவில் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் இயற்பியலாக இருக்கும். அது ஏறக்குறைய இப்படி வரும்: பனிக்கட்டி உருகி நீராவதைப் போல, கோடானுகோடி டிகிரி வெப்பத்தில் புரோட்டான்கள் உருகிக் குவார்க்-குளுவான் குழம்பாகின்றன, அண்டம் பிறந்த புதிதில் எல்லாமே அந்தக் குழம்பாகத்தான் இருந்தது.

சிலையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. இந்த வாக்கியத்தைப் பற்றி உண்டு. அதை நானே சொல்லியிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

சனிக்கிழமை மாலைகளில் புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு அறிவியலும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறோம், நானும் இரண்டு நண்பர்களும். பாடம் முடிந்து நேரம் மீந்தால் பாடத்தில் இல்லாத எதையாவது பேசுவது வழக்கம். ஒருநாள் இதைப் பேசினேன். வெள்ளைப் பலகையில் ஐஸ், தண்ணி, ஆவி என்று வரிசையாக வரைந்து, மேலே ஓர் அம்புக்குறி போட்டு, "இன்னும் சூடாக்கிக்கிட்டே போனா புரோட்டானே உருகிடும்" என்றேன். நான்காம் படிவம் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டாள்: "எத்தனை டிகிரில அண்ணா?" ஒரு லட்சத்து எண்பதாயிரம் கோடி என்று எழுதிக் காட்டினேன். சூரியனின் மையம் ஒன்றரைக் கோடி டிகிரிதான். அதைப்போல லட்சம் மடங்குக்கும் மேல். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அவள் மட்டும் விடவில்லை. "கரெக்டா அந்த டிகிரிலயா? கொஞ்சம் கம்மியா இருந்தா உருகாதா?"

"உருகாது" என்றேன்.

தப்பு. வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் தெரிந்தது, அவள் கேட்டதைத்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் முப்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று. பதில் 2006இல் வந்தது. நான் சொன்ன பதிலுக்கு நேர் எதிரான பதில்.

நான் இயற்பியலாளன் இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படித்துவிட்டுச் செம்பனை எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையில் வேலை பார்க்கிறவன். ஆனாலும் இந்த விஷயத்தில் என் வேலை எனக்குக் கொஞ்சம் உதவியது. அதைச் சொல்வதற்கு முன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அணுக்கருவுக்குள் புரோட்டான், நியூட்ரான். அவற்றுக்குள் குவார்க்குகள். குவார்க்குகளைப் பிடித்து வைத்திருப்பவை குளுவான்கள். ஆங்கிலப் பெயரிலேயே பசை இருக்கிறது. எங்கள் தோட்டத்துக் காரர்களிடம் பெயர் வைக்கச் சொல்லியிருந்தால் 'ஒட்டு' என்று முடித்திருப்பார்கள். இந்தப் பசைக்கு ஒரு வினோத குணம். இரண்டு குவார்க்குகளை விலக்க விலக்கப் பிடி தளர்வதில்லை. பலமாக இழுத்தால், இழுக்கச் செலவான ஆற்றலிலிருந்தே புதிய குவார்க் இணை பிறந்து ஒட்டிக்கொள்ளும். தனிக் குவார்க் கையில் சிக்காது. ஆனால் மிக நெருக்கத்தில் பிடி தளர்ந்துவிடும். இதை 1973இல் கிராஸ், வில்செக், பொலிட்சர் ஆகிய மூவரும் கணக்கிட்டுக் காட்டினார்கள். 2004இல் நோபல் பரிசு வந்தது.

அதற்கு முன்பே, 1965இல், செர்னில் இருந்த ஹாகெடோர்ன் என்பவர் வேறு வழியாக ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: வெப்பநிலைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு, அதற்கு மேல் எவ்வளவு ஆற்றலைக் கொட்டினாலும் புதுப்புதுத் துகள்கள் பிறக்குமே தவிர சூடு ஏறாது. 1975இல் இத்தாலியர்கள் காபிபோவும் பரிசியும் அந்த வரம்பை வேறுவிதமாக வாசித்தார்கள். அது வெப்பத்தின் முடிவு அல்ல, பொருள் நிலைமாறும் இடம். அந்தச் சிறிய கட்டுரையில் ஒரு படமும் போட்டார்கள். ஓர் அச்சில் வெப்பநிலை, இன்னோர் அச்சில் அடர்த்தி, நடுவில் ஒரு வளைகோடு. கோட்டுக்கு ஒரு பக்கம் குவார்க்குகள் கட்டுண்டவை, மறுபக்கம் கட்டவிழ்ந்தவை. இன்றுவரை இத்துறையில் யார் பேசினாலும் முதல் சில பக்கங்களுக்குள் இந்தப் படத்தின் ஏதோ ஒரு வாரிசு வந்துவிடும். என் விமர்சனத்தின் ஒரு பகுதி இந்தப் படத்தைப் பற்றியதும்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

கோடு என்றால் அது எப்படிப்பட்ட கோடு? இதுதான் அந்தப் பிள்ளையின் கேள்வி. பனிக்கட்டிக்கும் நீருக்கும் நடுவில் இருப்பது கறாரான கோடு. வழக்கமான காற்றழுத்தத்தில் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே கட்டி, மேலே நீர். அந்தப் புள்ளியில் வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தாலும் முழுவதும் உருகி முடியும்வரை வெப்பமானி அசையாது. புரோட்டான்களும் இப்படித்தான் என்று பலரும் நினைத்தார்கள். நினைக்கக் காரணமும் இருந்தது: குவார்க்குகளே இல்லாத, வெறும் குளுவான்கள் மட்டும் உள்ள ஒரு கற்பனை உலகத்தைக் கணினியில் போட்டுப் பார்த்தால் கறாரான மாற்றம்தான் வருகிறது. 1984இல் பிசார்ஸ்கியும் வில்செக்கும் குவார்க்குகளின் எடையைப் பொறுத்து மாற்றத்தின் குணமே மாறும் என்று காட்டினார்கள். அப்படியானால் நம் உலகத்துக் குவார்க்குகளின் உண்மையான எடையைப் போட்டால் என்ன வரும்? அதைக் கணக்கிடும் அளவுக்குக் கணினிகள் வளர இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. வெளியையும் காலத்தையும் சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாக வெட்டி, கட்டத்துக்குக் கட்டம் கணக்கிடும் முறை அது. 2006இல் ஆவோக்கி, ஃபோடோர் முதலியோர் அடங்கிய குழு 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டது. கோடே இல்லை. புரோட்டான் உலகம் குவார்க் உலகமாக மாறுவது படிப்படியாக, வழுக்கிக்கொண்டு போவது போல நடக்கிறது. உருகுநிலை என்று ஒரு புள்ளி கிடையாது.

இதை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் ஆலையின் ஆய்வுக்கூடம்.

செம்பனை எண்ணெய்க்கு உருகுநிலை கிடையாது. சமையல் எண்ணெய் போத்தலைக் குளிர்சாதன அறையில் வைத்தவர்களுக்குத் தெரியும்: முதலில் அடியில் மங்கலாகும், பிறகு வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், எந்த நொடியில் கட்டியானது என்று சொல்ல முடியாது. அதனால் நாங்கள் எண்ணெயை "எத்தனை டிகிரியில் உருகும்" என்று கேட்பதில்லை. "இந்த டிகிரியில் எவ்வளவு பங்கு கட்டியாக இருக்கிறது" என்று கேட்போம். சுத்திகரித்த செம்பனை எண்ணெயில் 10 டிகிரியில் ஏறத்தாழப் பாதி கட்டி, 20இல் கால்வாசி, 30இல் பத்தில் ஒன்று. வரைந்தால் வழவழவென்று இறங்கும் ஒரு வளைவு. ஆனால் வாங்குபவருக்கு ஓர் எண் வேண்டுமே! அதற்காக ஒரு முறை வைத்திருக்கிறோம். மெல்லிய கண்ணாடிக் குழாயில் கொழுப்பை இறுகவைத்து, நீரில் நிறுத்தி, மெதுவாகச் சூடேற்றினால் ஒரு வெப்பநிலையில் கொழுப்பு வழுக்கி மேலேறும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்வோம். செம்பனை எண்ணெய்க்கு அது 33க்கும் 39க்கும் இடையில் வரவேண்டும். அது இயற்கை போட்ட கோடு அல்ல. வளைவின்மேல் ஒரு வசதிக்காக நாங்கள் வைத்த விரல்.

அந்த ஒரு லட்சத்து எண்பதாயிரம் கோடியும் இப்படிப்பட்ட விரல்தான். 2019இல் வெளிவந்த கணக்கீட்டின்படி அது 156.5 மெகா எலக்ட்ரான் வோல்ட், முன்னே பின்னே ஒன்றரை. மாற்றம் எந்த இடத்தில் மிக விறுவிறுப்பாக நடக்கிறதோ அந்த இடத்துக்கு வைத்த எண். அதற்குக் கொஞ்சம் கீழேயும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது, கொஞ்சம் மேலேயும் மாறி முடிந்திருக்கவில்லை. "கொஞ்சம் கம்மியா இருந்தா உருகாதா?" என்று கேட்டவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒரு போத்தல் எண்ணெயில் இருந்தது. நானோ எங்களூரில் வானத்திலிருந்து ஒருநாளும் விழாத பனிக்கட்டியைக் கூப்பிட்டேன்.

உவமையை ரொம்பவும் நம்பக் கூடாது என்பதையும் சொல்லவேண்டும். எண்ணெய் இளகுவதற்குக் காரணம் அது கலவை என்பது. ஒவ்வொரு கொழுப்பும் தன் தன் இடத்தில் உருகுகிறது, கூட்டிப் பார்க்கும்போது வழவழப்பாகத் தெரிகிறது. குவார்க் பொருள் அப்படிக் கலவை இல்லை. அதற்கு இன்னும் நெருக்கமான ஒப்பீடு நீரிலேயே இருக்கிறது, ஆனால் அடுப்படி நீரில் அல்ல: 374 டிகிரிக்கும் 221 பார் அழுத்தத்துக்கும் மேலே போனால் நீர், ஆவி என்ற பேதமே அழிந்துவிடும், கொதிக்காமலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம். இது சரியான ஒப்பீடு. ஆனால் நான்காம் படிவப் பிள்ளை கையில் தொட்டுப் பார்க்க முடியாத ஒப்பீடு. எனக்கு எண்ணெயே போதும், எங்கே உடைகிறது என்று சொல்லிவிட்டுப் பயன்படுத்தினால்.

அப்பாவிடம் ஒருநாள் கேட்டேன், "நம்ம தோட்டம் எந்த வருசம்ப்பா செம்பனை ஆச்சு?" ரப்பர் காலத்தில் பிறந்தவர், ஓய்வு பெற்றது செம்பனையில். "எந்த வருசம்னா? ஒரு வருசத்துலயா ஆச்சு?" என்றார். கிழவு மரம் இருந்த பிளாக்கை முதலில் வெட்டினார்கள், கன்று போட்டார்கள். இந்தப் பக்கம் குலை வெட்டும்போது அந்தப் பக்கம் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார்கள். ஒரே வீட்டில் அம்மா மங்கு துடைக்கப் போனார், மகன் பழம் பொறுக்கப் போனான். பேருக்குத்தான் ஒரு வருசம், கணக்கப்பிள்ளை எழுதி வைக்க. இதே வட்டாரத்தில் பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். அது கறாரான கோடு, அரசாணையில் தேதி இருக்கும். எங்கள் வீட்டில் இன்னும் யாரும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

கோடா, வழுக்கலா என்பது வெறும் வாய்ச்சண்டை இல்லை. பெருவெடிப்புக்குப் பின் ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு கழிந்தபோது அண்டம் முழுவதும் இந்த வெப்பநிலையைக் கடந்து குளிர்ந்தது. அது தண்ணீர் உறைவதைப் போலக் கறாராக நடந்திருந்தால் அங்கங்கே குமிழிகள் தோன்றிப் பெருகி மோதியிருக்கும். 1984இல் எட்வர்ட் விட்டன் இதை வைத்து ஓர் அழகான சாத்தியத்தை எழுதினார்: குமிழிகளுக்கு நடுவில் சிக்கிய குவார்க் பொருள் கட்டிகளாக மிஞ்சி இன்றும் அண்டத்தில் மிதக்கலாம், நாம் தேடும் கரும்பொருளே அதுவாக இருக்கலாம். மாற்றம் வழுக்கலாக நடந்தது என்றால் குமிழிகள் இல்லை, அந்த வழியில் கட்டிகள் பிறக்க இடமும் இல்லை. அண்டம் அந்தக் கணத்தைச் சத்தமில்லாமல் கடந்துவிட்டது. 'பனிக்கட்டி போல' என்று எழுதுகிறவர் தெரியாமலேயே நடக்காத ஒரு வரலாற்றை எழுதுகிறார்.

இனி குழம்பு. ஆங்கிலத்தில் 'சூப்' என்கிறார்கள், நாம் குழம்பு ஆக்கினோம். இந்தச் சொல்லைத் திட்டத்தான் வந்தேன், ஆனால் யோசித்தால் பாதி நியாயம் அதன் பக்கம் இருக்கிறது. பிளாஸ்மா என்ற பெயரைவிட மேல். 1978இல் ஷூரியாக் 'குவார்க்-குளுவான் பிளாஸ்மா' என்று பெயரிட்டபோது, கட்டவிழ்ந்த குவார்க்குகள் ஒன்றையொன்று அதிகம் தொந்தரவு செய்யாமல் வாயு போலத் திரியும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. (பிளாஸ்மாவை 'மின்மம்' என்று பெயர்த்து 'குவார்க்-குளுவான் மின்மம்' என்றும் எழுதலாம்தான். ஆனால் இங்கே ஆட்சி செய்வது மின்விசையே அல்ல. பெயர்ப்பு சுத்தமாக இருந்து பொருள் தவறாவதற்கு இது நல்ல உதாரணம்.) 2000 பிப்ரவரியில் செர்ன் ஒரு புதிய பொருள்நிலைக்கான சான்றுகளை அறிவித்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் புரூக்ஹேவனில் தங்கத்தின் அணுக்கருக்களை மோதவிடும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. 2005 ஏப்ரலில் அங்கிருந்த நான்கு சோதனைக் குழுக்களும் சேர்ந்து சொன்னது யாரும் எதிர்பார்க்காதது: இது வாயு போல நடந்துகொள்ளவில்லை, நீர்மம் போல ஓடுகிறது.

எப்படித் தெரியும்? அந்தத் துளி உயிரோடு இருக்கும் நேரம், ஒரு நொடியை லட்சம் கோடியால் வகுத்து, வந்ததை மறுபடியும் லட்சம் கோடியால் வகுத்தால் கிடைப்பதில் சில பத்து மடங்குதான். யாரும் அதைப் பார்ப்பதில்லை. அது குளிர்ந்து இறுகிச் சிதறிய ஆயிரக்கணக்கான சாதாரணத் துகள்களை மட்டுமே கருவிகள் பிடிக்கின்றன. அப்பா காலத்தில் கிராணி பால் வாளியில் மெட்ரோலாக் மிதக்கவிட்டு இதில் இவ்வளவு ரப்பர்தான் தேறும் என்று பாலைப் பார்த்துக் கட்டியைச் சொல்வார். இவர்கள் செய்வது தலைகீழ்: கட்டியைப் பார்த்துப் பாலைச் சொல்லவேண்டும். இரண்டு அணுக்கருக்கள் நேருக்கு நேர் மோதாமல் ஓரத்தில் உரசும்போது, ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி பாதாம் பருப்பின் வடிவில் இருக்கும். உள்ளே இருப்பது வாயு என்றால் அந்த வடிவத்தை மறந்துவிட்டு எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறும். நீர்மம் என்றால் பருப்பின் ஒடுக்கமான பக்கத்தில் அழுத்தச் சரிவு அதிகம். அந்தத் திசையில் வேகமாகப் பீய்ச்சும். துகள்கள் அப்படித்தான் வந்தன. 2010 நவம்பரில் செர்னின் பெரிய இயந்திரத்தில் ஈயத்தை மோதவிட்டபோதும் அப்படியே. மலாயாப் பல்கலைக்கழகத்தின் குழு ஒன்று இடம்பெற்றிருக்கும் சிஎம்எஸ் கூட்டு முயற்சியும் இந்த மோதல்களை அளக்கிறது. எங்கள் ஊரிலிருந்து லத்தார் நெடுஞ்சாலை வழியாகக் கிளம்பினால் காலை பசியாறலுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். கட்டுரையாளர்களுக்கு ஏனோ ஜெனீவாதான் கண்ணில் படுகிறது.

இங்கே இன்னொரு வாக்கியம் பிறந்தது: "தண்ணீரைவிட எளிதாக ஓடும், உலகிலேயே பாகுத்தன்மை மிகக் குறைந்த திரவம்." இதைப் படித்ததும் என் தொழில்புத்தி முறைத்துக்கொண்டது. பாகுத்தன்மை என்பது நான் தினமும் அளப்பது. சாதாரண அலகில் போட்டுப் பார்த்தால் இந்தக் குவார்க் நீர்மம் தாரைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் கெட்டி. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஒரு புனலில் கெட்டித் தாரை வைத்து 1930இல் கீழ்முனையைத் திறந்துவிட்டார்கள். 2014 வரை ஒன்பது சொட்டுதான் விழுந்தது. அந்தத் தாரைவிடக் கெட்டியானதை எப்படித் 'தண்ணீரைவிட' என்பது? பதில், அவர்கள் அளப்பது வெறும் பாகுத்தன்மையை அல்ல. பாகுத்தன்மையை என்ட்ரோபியின் அடர்த்தியால் வகுத்து வரும் எண்ணை. அந்த எண்ணுக்கு ஓர் அடிமட்டம் இருக்கலாம் என்று கொவ்துன், சோன், ஸ்டாரினெட்ஸ் மூவரும் 2005இல் முன்மொழிந்தார்கள். அறைவெப்பத் தண்ணீர் அந்த அடிமட்டத்தைப்போல ஏறத்தாழ 380 மடங்கு உயரத்தில் இருக்கிறது. குவார்க் நீர்மம் அடிமட்டத்தை ஒட்டிக்கொண்டு. அவ்வளவு நெருக்கியடித்த ஒன்று அதன் நெருக்கத்துக்கு எவ்வளவு குறைவாகத் தேய்கிறது என்பதுதான் ஆச்சரியம். இதைச் சொல்ல இரண்டு வாக்கியம் கூடுதலாக வேண்டும். அந்த இரண்டு வாக்கியத்துக்கு இடமில்லை என்பார்கள். நடராசருக்கு முழுப் பத்தி இருக்கும்.

'கடவுள் துகளுக்கும்' ஒரு வார்த்தை. ஹிக்ஸ்தான் பொருள்களுக்கு எடை தருகிறது என்று 2012இலிருந்து தமிழில் எழுதிக் குவித்துவிட்டோம். ஒரு புரோட்டானுக்குள் இருக்கும் மூன்று குவார்க்குகளுக்கு ஹிக்ஸ் கொடுக்கும் எடையைக் கூட்டினால் புரோட்டானின் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் வரும். மீதி எங்கிருந்து? குவார்க்குகளும் குளுவான்களும் கட்டுண்டு கிடக்கும் ஆற்றலிலிருந்து. அதாவது என் உடம்பின் எடையில் பெரும்பகுதி இந்த ஒட்டின் எடை. கட்டவிழும் வெப்பநிலையில் அந்த எடையும் குவார்க்குகளின் மேலிருந்து கழன்றுவிடுகிறது. இந்த மாற்றத்தின் உள்ளடக்கமே என்னைப் பொறுத்தவரை இதுதான், குழம்பெல்லாம் அப்புறம். அண்டம் குளிர்ந்து இறுகிய அந்தக் கணத்தில்தான் பொருளுக்குக் கனம் வந்தது. தமிழில் இது கிட்டத்தட்ட எழுதப்படவே இல்லை. ஹிக்ஸ் எல்லாக் கனத்தையும் எடுத்துக்கொண்டது.

இப்போது அந்தப் படம். 1975இன் ஒற்றை வளைகோடு இன்று நிறைய வளர்ந்துவிட்டது. வெப்பநிலை அச்சை ஒட்டிய இடது ஓரம் வழுக்கல் பகுதி. வலப்பக்கம் அடர்த்தி கூடக்கூட எங்கோ ஒரு கறாரான கோடு தொடங்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். கோடு தொடங்கும் முனையில் ஒரு கரும்புள்ளி. நீருக்கு 374 டிகிரியில் இருப்பதைப் போன்ற மாறுநிலைப் புள்ளி. அதற்கும் வலப்பக்கம் கீழே, நியூட்ரான் விண்மீன்களின் உள்ளகம் இருக்கக்கூடிய இடம். வண்ணம் தீட்டிப் பார்த்தால் மலாக்கா நீரிணையின் வரைபடம் மாதிரி அத்தனை நிச்சயமாக இருக்கும். ஆனால் அதில் கணக்கிட்டு உறுதியானது இடது ஓரம் மட்டும்தான். அடர்த்தி ஏறியதும் கணினி முறையே முறிந்துபோகிறது. கூட்டவேண்டிய எண்கள் பாதி மிகையும் பாதி குறையுமாக வந்து ஒன்றையொன்று விழுங்கிவிடுகின்றன. மும்பையில் டாட்டா ஆய்வுக் கழகத்தின் ராஜீவ் கவாயும் சௌரேந்து குப்தாவும் இடது ஓரத்திலிருந்து வலப்பக்கம் அடியெடுத்து அடியெடுத்துப் போய்ப் புள்ளி எங்கே இருக்கக்கூடும் என்று 2005இல் ஒரு மதிப்பீடு கொடுத்தார்கள். புரூக்ஹேவனில் ஆற்றலைக் குறைத்துக் குறைத்து மோதவிட்டு 2010 முதல் அதே புள்ளியைச் சோதனையில் தேடினார்கள். இருக்கிறது என்று இன்னும் நிறுவப்படவில்லை. இல்லை என்றும் நிறுவப்படவில்லை.

அறிஞர்கள் தங்கள் கட்டுரைகளில் அந்தக் கோட்டைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, புள்ளிபுள்ளியாகப் போடுவார்கள். ஊகம் என்பதற்கு அடையாளம். வெகுஜன இதழ்களுக்கு வரும்போது புள்ளிகள் சேர்ந்து கோடாகிவிடும். கோடு போட்டால் ரோடு போடுபவர்கள் நாம். தமிழுக்கு வரும்போது அது தாரும் ஊற்றி முடிந்த சாலை. ஒரு வரைபடத்தில் எது அளந்தது, எது யூகித்தது என்ற வித்தியாசத்தைத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது அறிவியல் அல்ல, புராணம்தான். அங்கேதான் முன்னோர்கள் அன்றே அறிந்தது சுலபமாக உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டும் ஒரே குரலில் பேசுகின்றனவே!

நண்பர் ஒருவர் இந்தக் கட்டுரையைக் கம்போங் குவாந்தான் மின்மினிகளில் தொடங்கச் சொன்னார். ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் ஒரே தாளத்தில் மின்னுபவை. அந்த ஒத்திசைவையும் ஒருவகை நிலைமாற்றமாகப் படிக்கும் கணிதம் உண்டு. உள்ளூர் வாசனையும் வரும். மறுத்துவிட்டேன். நடராசருக்குப் பதில் மின்மினி, அவ்வளவுதானே.

சொற்களைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் என் தப்பு அங்கேதான் தொடங்கியது. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தபோது முதலாம் ஆண்டில் உட்கார்ந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். தமிழ்ப்பள்ளியில் படித்தும் அறிவியல் எனக்கு ஆங்கிலத்தில்தான் வந்தது. தமிழில் அதைப் பேசத் தொடங்கியபோது ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரே ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிப் பொருத்தினேன். ஆங்கிலக் கட்டுரையில் 'மெல்ட்' இருந்தது, 'உருகு' போட்டேன். நிலைமாற்றத்தில் வரும் 'நிலை'க்குத் தமிழ்நாட்டில் கட்டம் என்றும் நிலைமை என்றும், இலங்கையில் அவத்தை என்றும் எழுதுகிறார்கள். அந்த விவாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. பெயர்ச்சொல்லுக்கு அடித்துக்கொள்ளும் நாம் வினைச்சொல்லைக் கவனிப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

அம்மா நெய்யை உருக்குவார். ஆனால் வெல்லப்பாகு இளகும், வெயிலில் தார் இளகும், எண்ணெய் இளகும். குளிர்ந்தால் தண்ணீர் உறையும், பாகு இறுகும். ஆசிட் ஊற்றிய ரப்பர்ப் பாலும் உறையும், ஆனால் பிறகு எந்தச் சூட்டிலும் திரும்பப் பாலாகாது. உருகுவதும் உறைவதும் ஒரு சோடி, இளகுவதும் இறுகுவதும் இன்னொரு சோடி. முதல் சோடியில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று உண்டு. இரண்டாவதில் இல்லை. 2006இல் கணினி கண்டுபிடித்தது இரண்டாவது சோடி. இப்படிச் சொல்வதும் 'நம் மொழியில் அன்றே' வகையறாவாகிவிடுமோ என்று எனக்கே பயம் இருக்கிறது. ஆகவே தெளிவாக: அம்மாவுக்குக் குவார்க் தெரியாது, தமிழுக்கும் தெரியாது. இரண்டு வினைச்சொற்கள் சும்மா கிடந்தன, நான் தப்பானதை எடுத்தேன், அவ்வளவுதான்.

'இளகல்' என்பதைக் கலைச்சொல்லாக வைக்கலாமா என்று இயற்பியல் படித்த தோழியிடம் கேட்டேன். உடனே மறுத்தார். இளகுவது என்றால் கட்டி மென்மையாவது, ஆனால் புரோட்டான்கள் நிறைந்த வெதுவெதுப்பான வாயுதான் இங்கே தொடக்கம், கட்டி அல்ல. ஆகவே திசையே தப்பு என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 'வழுக்கல்' என்றால் சிரிப்பார்கள். 'படிமாற்றம்' என்றால் படிப்படியாக என்ற பொருளும் வரும், படி தாண்டுவது என்ற எதிர்ப்பொருளும் வரும். நான் இப்போதைக்கு இளகல் என்றே வைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை ஆலையிலிருந்து இரண்டு சிறிய போத்தல்கள் எடுத்துப் போனேன். ஒன்றில் ஐஸ், ஒன்றில் முந்தின இரவே குளிர்பெட்டியில் வைத்த செம்பனை எண்ணெய். இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டுக் கணக்குப் பாடம் நடத்தினேன். பாடம் முடிகிற நேரத்துக்கு ஐஸ் போத்தலில் தண்ணீரும் அதில் மிதக்கும் கட்டியும் தெளிவாகத் தெரிந்தன. எண்ணெய் போத்தலைத் தூக்கி, "இது கட்டியா, திரவமா?" என்று கேட்டேன். இரண்டு அணியாகப் பிரிந்து கத்தினார்கள். அந்தப் பிள்ளை போத்தலை வாங்கிச் சாய்த்துப் பார்த்தாள். "அண்ணா, அப்ப அன்னைக்கு நீங்க சொன்னது?" என்றாள். "தப்பு" என்றேன். பலகையில் அந்தப் படத்தை வரைந்து, வலப்பக்கக் கோட்டை மட்டும் புள்ளிபுள்ளியாகப் போட்டேன். நோட்டில் எழுதிக்கொண்டிருந்த ஒரு பையன் ரூலரை எடுத்துப் புள்ளிகளைச் சேர்க்கப் போனான். அவள்தான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.